அலமாரியை இடிக்கும் முன் ஒரு காந்தத்தை எடுங்கள்!



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, கோலம், குழந்தை வளர்ப்பு என்று எத்தனையோ சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் பற்றி. ‘அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். காலையில் காபிப்பொடி எடுப்பதில் ஆரம்பித்து ராத்திரி உறைமோர் ஊற்றும் வரை அலமாரிக் கதவைத் திறந்து மூடுவது நம் கைதானே?

நான் பத்தாவது வரை படித்தவள். வயது 38. கும்பகோணத்தில் மாமனார் 1978-இல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கணவர் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் சமையலறையில் கடப்பாக்கல் மேடை. தண்ணீர்த் தொட்டி ஓரம் விரிசல் விட்டு, சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. மேடையையும் தொட்டியையும் மாற்ற வேண்டும், சுவருக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று சீட்டுப் பணம் 70 ஆயிரம் சேர்த்து வைத்திருந்தோம். போன வருடம் புரட்டாசியில் வேலையை ஆரம்பிக்கலாம் என்று ஒருவரை வரவழைத்தோம். அவர் மேடையைப் பார்க்கும் முன் சுவர் அலமாரிகளைத்தான் பார்த்தார்.

“என்ன சார் இது, பாட்டி காலத்து அலமாரி. கீலெல்லாம் கறல் பிடிச்சிருக்கு, கைப்பிடி கறுத்துப் போச்சு. மேடையை மட்டும் மாத்தினா எடுக்கவே எடுக்காது. மொத்தமா மாடுலர் கிச்சன் போட்டுடுங்க. பழசை நாங்களே கழட்டி எடுத்துட்டுப் போயிடுறோம், அதுக்குத் தனியா காசு வேண்டாம்” என்றார். மொத்தம் 2 லட்சத்து 35 ஆயிரம் என்று காகிதத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார்.

என் கொழுந்தனார் புது வீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார். அதனால் என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. “பாக்கிப் பணத்துக்கு உன் வளையலை வச்சுக்கலாம், ரெண்டு வருஷத்துல மீட்டுடலாம்” என்றார்.

அந்த வளையல்கள் 2020-இல் கொரோனா ஊரடங்கில் கடை மூடியபோது அடகுக்குப் போனவை. மாதா மாதம் வட்டி கட்டி, 2022 கடைசியில்தான் மீட்டோம். குடும்பக் கஷ்டத்துக்குக் கொடுத்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கறுத்துப்போன கைப்பிடிக்காக அதை மறுபடி அடகுக்கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. “ஏங்க, ஒரு பதினைஞ்சு நாள் டைம் குடுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்” என்று மட்டும் கேட்டேன். அரை மனதாகச் சரி என்றார்.

அந்தப் பதினைந்து நாளில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரமா, உலோகமா?

முதலில் எங்களுக்குத் தெரிந்த தச்சு வேலை செய்யும் அண்ணனை அழைத்துக் காட்டினேன். அவர் கதவின் அடிப்பக்கத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். மூலைகளைத் தட்டிப் பார்த்தார். “ஏம்மா, இது தேக்கு. கரையான் இல்லை, உளுத்துப் போகலை. இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். மேல இருக்கிற பெயிண்டும் உலோகமும்தான் அழுக்கு” என்றார்.

ஆகவே சகோதரிகளே, முதலில் பார்க்க வேண்டியது மரத்தை. கரையான் அரித்திருந்தால், திருகாணி நிற்காத அளவுக்கு மரம் இற்றிருந்தால், மரத்தூள் பலகை தண்ணீர் பட்டு உப்பியிருந்தால் என்ன மெருகு போட்டும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மரம் உறுதியாக இருந்தால் இடிப்பதற்கு அவசரமே இல்லை.

அடுத்தது காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தமே போதும். கைப்பிடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் முழுப் பித்தளை. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். முலாம் பூசியதைப் புளி போட்டுத் தேய்த்தால் அதுவும் போய் இரும்பு பல்லை இளிக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் துடைப்பதோடு நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இரட்டைக் கதவு அலமாரி ஐந்து. எண்ணிப் பார்த்தேன். கீல் 20, கைப்பிடி 10, தாழ்ப்பாள் 5, இழுப்பறைக் குமிழ் 3. இழுப்பறை நான்கு இருக்கிறது, ஒன்றின் குமிழ் எப்போதோ தொலைந்து, நான் வந்த நாளிலிருந்து கயிறு கட்டித்தான் இழுக்கிறோம். காந்தம் வைத்ததில் கைப்பிடி, குமிழ் எல்லாமே பித்தளை. கீலில் 14 பித்தளை, 6 இரும்பு. தாழ்ப்பாள் ஐந்தும் இரும்பு.

‘இலவசமாகக் கழட்டி எடுத்துட்டுப் போறோம்’ என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பத்துத் தேக்குக் கதவும் 27 பித்தளைச் சாமானும் அவருக்குச் சும்மா போயிருக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது பழசை இலவசமாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், என்ன உலோகம், என்ன மரம் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கழற்றும் முறை

1996-இல் பெரிய நாத்தனார் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது, பெயிண்டர் கதவையும் கீலையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரே பச்சை எனாமலில் முழுக்காட்டியிருக்கிறார். அதனால் திருகாணித் தலையில் இருக்கும் வெட்டே தெரியவில்லை. கோணி ஊசியால் அந்த வெட்டைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். காலையில் வெட்டின் அகலத்துக்குச் சரியான திருப்புளியை வைத்து, அதன் பின்னால் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. பிறகு திருகினால் வந்துவிடுகிறது. சின்னத் திருப்புளியை வைத்து நெம்பினால் பித்தளைத் திருகாணியின் தலை சிதைந்துவிடும்.

கதவைக் கழற்றும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்க் கீலை முதலில் கழற்றி, மேல் கீலைக் கடைசியில் கழற்றுங்கள். ஒவ்வொரு கதவின் சாமானையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு எண் எழுதி வையுங்கள். நாற்பது வருடம் ஒரே கதவில் உழைத்த கீல், அந்தக் கதவுக்கே பழகியிருக்கும். மாறிப் போட்டால் கதவு சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

பழைய பெயிண்டில் கவனம்!

இதை மட்டும் அவசியம் படியுங்கள். அந்தக் கால எனாமல் பெயிண்ட் பலவற்றில் காரீயம் கலந்திருந்தது. பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, இது வேறு. காரீயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் என்றால் காரீயம் இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள்வது நல்லது.

ஆகவே பழைய பெயிண்டை உப்புத்தாள் வைத்துக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது. அந்தத் தூள்தான் ஆபத்து. நெருப்பைக் காட்டிப் பொசுக்கவும் கூடாது.

நான் செய்தது இது. கொல்லையில் கல் அடுப்பு மூட்டினேன். தூக்கிப் போட வைத்திருந்த பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, பித்தளைச் சாமான்களை மூழ்க விட்டேன். கொதித்துப் பொங்க வேண்டியதில்லை. லேசான சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் போதும். பெயிண்ட் பாலாடை மாதிரிச் சுருண்டு எழும்பும். கையுறை போட்டுக்கொண்டு மூங்கில் குச்சியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் தள்ளினால் வந்துவிடும். கத்தியால் சுரண்டினால் கீறல் விழும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சலவை சோடா அதை அரித்துவிடும். இரும்பையும் பித்தளையையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. வழித்த பெயிண்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் சேர்த்தேன். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

புளியும் விபூதியும்

பெயிண்ட் போனதும் உள்ளே கறுப்பும் களிம்புமாக இருந்தது. இனிமேல் நமக்குத் தெரிந்த வேலைதானே! பழைய புளியைக் கரைத்துக் கல் உப்புச் சேர்த்துத் தடவி, ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவினேன். ‘நல்லா ஊறட்டும்’ என்று மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் செய்தாலும் பரவாயில்லை.

புளிப்பு போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே புள்ளி விழும். கடைசியாகப் பூஜைச் சாமானுக்குச் செய்வது போல விபூதி தொட்டு உலர்ந்த துணியால் தேய்த்தோம். கைப்பிடியில் இலைக்கொடி வேலைப்பாடு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருடமாகப் பிடித்த கைப்பிடி!

இரும்புத் தாழ்ப்பாள்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கறல் போனபின் ரெட் ஆக்ஸைடு ஒரு கோட், கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட். இரும்புக் கீல் ஆறும் நடுக்கம்பி தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தன. அவற்றுக்குப் பதில் பித்தளைக் கீல் ஆறு வாங்கினோம்.

தொலைந்த குமிழுக்கு நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர், எங்களுக்குப் பக்கம். மீதியிருந்த குமிழ் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தேன். அதை மண்ணில் அழுத்தி அச்செடுத்துப் பித்தளையை உருக்கி ஊற்றிக் கொடுத்தார்கள். உருகின பித்தளை ஆறும்போது கொஞ்சம் சுருங்குமாம். அதனால் புதுக் குமிழ் ஒரு நூல் சின்னதாக இருக்கிறது. சொன்னால்தான் தெரியும்.

மாமியார் சொன்னது

என் மாமியாருக்கு வயது 74. விபூதி போட்டுத் தேய்க்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். “அத்தை, இந்தக் கைப்பிடியெல்லாம் மாமா தேடித் தேடி வாங்கினதா?” என்று கேட்டேன்.

“ஆமா, அவருதான் வாங்கினாரு. அலமாரி எங்க வரணும், மேடை எவ்வளவு உசரம், எல்லாம் அவரும் கொத்தனாரும்தான் முடிவு பண்ணாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. மேடை எனக்கு எட்டலை. நீ இந்த வீட்டுக்கு வர்ற வரைக்கும் பலகை போட்டு, அது மேல நின்னுதான் சமைச்சேன்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் கை நின்றுவிட்டது. அந்தப் பலகையை நான் பார்த்திருக்கிறேன். இப்போது தண்ணீர்க்குடம் வைக்கிறோம். அது எதற்கு வந்தது என்று நான் கேட்டதே கிடையாது, வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை.

அன்று ராத்திரி இதைக் கணவரிடம் சொன்னேன். “2 லட்சத்து 35 ஆயிரம்னு எழுதின காகிதத்துலயும் என்னை யாரும் எதுவும் கேக்கலைங்க. இப்பவும் கொத்தனாரும் நீங்களும்தான்” என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, “அம்மா, நீ வந்து இங்க நில்லு. நீயும் வா” என்று எங்கள் இருவரையும் நிற்கவைத்து முழங்கை உயரத்தை அளந்தார். முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது என்று தச்சர் அண்ணன் சொல்லியிருந்தார். இருவருக்கும் பொதுவாக ஓர் உயரம் குறித்துக் கொத்தனாரிடம் கொடுத்தோம்.

மறுபடி பூட்டியது

கதவுகளின் பச்சை பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்ததால் அதைச் சுரண்டவில்லை. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, துடைத்து, மேலே சந்தன நிறப் பெயிண்ட் அடித்தார் தச்சர் அண்ணன். திருகாணி ஓட்டை பெரிதாகிவிட்ட இடத்தில் மூங்கில் சிம்பை ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, காய்ந்தபின் திருகினார். பித்தளைத் திருகாணி மென்மை. தேக்கில் நேராக முறுக்கினால் உடைந்துவிடும். அதனால் அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் போட்டு எடுத்துவிட்டு, பித்தளைத் திருகாணிக்குச் சோப்பு தடவிப் போட்டார்.

கீலுக்கு மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாக நாளாகப் பிசுபிசுத்து அழுக்கு சேரும்.

புதுக் கைப்பிடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் இப்போது வருவது பெரும்பாலும் 96 மில்லிமீட்டர், 128 மில்லிமீட்டர் இடைவெளி. பழைய கதவில் ஓட்டை நான்கு அங்குலத்தில் இருக்கும். அது கிட்டத்தட்ட 102 மில்லிமீட்டர். பார்க்க ஒன்று போல இருந்தாலும் பொருந்தாது. ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

பளபளப்பு நிற்க வார்னிஷ் பூசலாமா என்று யோசித்தோம். கை படுகிற இடத்தில் அது சீக்கிரம் தேய்ந்து, அங்கங்கே கறுக்கும் என்றார் தச்சர் அண்ணன். பூசவில்லை. மகள் வேறு ஒன்று படித்துச் சொன்னாள். செம்பு, பித்தளை போன்ற உலோகப் பரப்பில் சில கிருமிகள் சாகும் என்பதை 2008-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே பதிவு செய்திருக்கிறதாம். வார்னிஷ் பூசினால் அந்தக் குணம் வேலை செய்யாது. அதற்காகக் கை கழுவாமல் இருக்க முடியுமா? வாரம் ஒருமுறை துடைக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளி. அவ்வளவுதான்.

கணக்கு

பித்தளைக் கீல் ஆறு 1,080 ரூபாய். குமிழ் 350. திருப்புளி, சலவை சோடா, எண்ணெய், பிரஷ், கையுறை, ரெட் ஆக்ஸைடு எல்லாம் 560. கதவுக்குப் பெயிண்ட் 2,400. தச்சர் அண்ணனுக்கு இரண்டு நாள் கூலி 2,200. ஆக 6,590 ரூபாய். கிரானைட் மேடை, தொட்டி, டைல்ஸ், குழாய் வேலை, கொத்தனார் கூலி 58,000. மொத்தம் 64,590 ரூபாய். சீட்டுப் பணத்திலேயே 5,410 மிச்சம். வளையல் என் கையில் இருக்கிறது.

மாடுலர் கிச்சன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குக் குனியாமல் இழுக்கும் டிராயர் எவ்வளவு வசதி! வசதியிருப்பவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆனால் கடன் வாங்கிப் போடும் முன் இருப்பது என்ன என்று ஒரு தடவை பாருங்கள். போகிக்குப் பழசைக் கழிப்பது சரி. பழசாகத் தெரிவதை எல்லாம் கழிக்க வேண்டும் என்று இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டில் சமையலறை வேலை என்று பேச்சு எடுத்தால், அந்தப் பேச்சில் முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள். உங்கள் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அளவு நாடா நம் கையிலும் இருக்கட்டும்.

– ஒரு குடும்பத்தலைவி, கும்பகோணம்.